கொடி மாறியது, படை மாறவில்லை

எங்கட பக்டரியில் என்னோடு நிற்கும் டெனிஷ்காரன், பேஜர் அடித்தால் மெசினை விட்டிட்டு ஓடுவான். அவன் தொண்டர் தீயணைப்பாளன். தெற்கு யூலண்டில்தான் இப்படியான படைகள் அதிகம். 1864 போரில் அந்த மண் டென்மார்க்கின் கையைவிட்டுப் போனது. ஜேர்மனிய முறைப்படி ஊரூராகத் தொண்டர் படை எழுந்தது. 1920 இல் வாக்கெடுப்பின் பின் வட ஸ்லெஸ்விக் திரும்பி வந்தது, படைகளைக் கலைக்கவில்லை.

வண்டிக்கும் உடுப்புக்கும் கொம்யூன் பணம். உயிர்காக்கும் கருவிகளுக்கு ட்ரிக்ஃபொண்டன் போன்ற நிதியங்களும் கொடுக்கின்றன. அது ட்ரிக் காப்புறுதிக் கம்பனியின் இலாபத்தில் வரும் காசு. அங்கே காப்புறுதி கட்டும் எங்கட ஆட்களின் பங்கும் அதில் இருக்குத்தானே!

போன வருசம் விழாவில் ஒரு ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி மண்டப வாசலிலேயே தொங்கியது. ஒருத்தருக்கும் தெரியேல்லை. 112 க்கு அடித்துவிட்டு நின்றோம். அம்புலன்ஸ் வேளைக்கு வந்ததால் பிழைத்தார். டெனிஷ்காரனிடம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை வந்து பழக்கித் தருகிறானாம்.