மார்பகப் புற்றுநோய்: அமெரிக்காவைவிட நோயாளிகள் குறைவு, இறப்பு இரண்டு மடங்கு. ஏன்?

முதல்ல இந்த எண்களைப் பாருங்க. 2022-ல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.92 லட்சம், இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். அதே ஆண்டு அமெரிக்காவில் புதிய நோயாளிகள் சுமார் 2.74 லட்சம், இறப்பு சுமார் 43 ஆயிரம். இவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீடுகள்.

ஏன் இந்த வித்தியாசம்?

நோய் முற்றிய பிறகே தெரியவருவது முக்கியக் காரணம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 0.9%. நூறில் ஒருத்தர்கூட இல்லை.

பரிசோதனைன்னா மேமோகிராம் மட்டும்தானா?

இல்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் உதவும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை சுமார் 1.5 லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், இந்தச் சோதனை செய்துகொண்ட 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30% குறைந்தது. 50-க்குக் கீழே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

எதைக் கவனிக்கணும்?

மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, காம்பு உள்ளிழுத்தல், தோலில் குழி. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனா 'வலிக்கலையே' என்று தள்ளிப்போடாதீங்க; புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

நீங்க என்ன செய்யலாம்?

30 வயதானால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆபீஸ் இன்சூரன்ஸில் அம்மா பெயரைச் சேர்த்திருப்பீங்க. அடுத்த போனில் "செக் பண்ணியாம்மா?" என்றும் கேட்டுடுங்க.