காரைக் கழுவும்போதே கீறல் விழுகிறதா? சாயத்தை வீட்டிலேயே காப்பாற்றுவது எப்படி?

இரவில் எண்ணெய் ஊற்றப் போகும்போது, பெட்ரோல் நிலைய விளக்குக்குக் கீழே உங்கள் காரின் பானெட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகின்றனவா? கறுப்புக் கார் என்றால் சட்டென்று தெரியும். வெள்ளைக் காரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் படாது, அவ்வளவுதான்.

யாரோ பொறாமையில் கீறிவிட்டுப் போனது அல்ல அது. பெரும்பாலும் நாமே சனிக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக, நல்ல எண்ணத்தோடு போட்ட கோடுகள்தான்.

மலேசியாவில் கார்க் கடனை அதிகபட்சம் 9 ஆண்டுகள் வரை கட்டலாம். ஆனால் தவணை முடிவதற்கு முன்பே கூரையிலும் பானெட்டிலும் சாயம் செதில் செதிலாக உரிந்த கார்களை நம் தாமான்களில் நிறையவே பார்க்கிறோம். விற்கப் போகும்போது அதுதான் முதலில் கண்ணில் படும், விலையும் அங்கேயே இறங்கிவிடும்.

இதில் வெயில் செய்யும் சேதம் பாதி, நம் கை செய்யும் சேதம் பாதி. இரண்டையும் குறைக்கலாம்.

சாயத்தின் மேல் என்ன இருக்கிறது?

காரின் சாயம் ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அடுத்து அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத ஒரு பளபளப்பான படலம். பட்டறைக்காரர்கள் அதைக் கிளியர் கோட் என்பார்கள்.

பல கார்களில் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமனாக இருக்கும்.

பளபளப்பைத் தருவது இந்தப் படலம். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருளும் இதில்தான் கலந்திருக்கிறது. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது இங்கே அதிசயம் இல்லை. தினமும் அந்த வெயிலில் நிற்கும் படலம் மெல்ல மெல்லத் தேயும். நாமும் சேர்ந்து அதைத் தேய்க்கக் கூடாது.

கழுவும்போது எங்கே தவறு நடக்கிறது?

காரின் மேல் இருப்பது வெறும் தூசு என்று நினைக்கிறோம். அதில் நுண்ணிய மணல் இருக்கிறது. செம்பனைத் தோட்டப் பாதையில் போய் வந்திருந்தால் செம்மண்ணும் இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால், அந்த மணலை அப்படியே சாயத்தின் மேல் இழுக்கிறோம்.

கோழி இறகுத் துடைப்பமும் அப்படித்தான். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் நாலு தட்டு தட்டினால் கார் சுத்தமாகத் தெரியும், உண்மை. ஆனால் ஒவ்வொரு தட்டிலும் மணல் உருள்கிறது. புகைமூட்டக் காலத்தில் படியும் சாம்பலைக் கூடத் தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும்.

ஆகவே கையில் துணி எடுப்பதற்கு முன் தண்ணீர். மேலிருந்து கீழாக, கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று நன்றாக ஊற்றி, தளர்ந்த மண்ணை ஓடவிடுங்கள். வாட்டர் ஜெட் இருந்தால் நல்லது. ஆனால் உரிந்த சாயத்துக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள், இன்னும் உரியும்.

அடுத்தது இரண்டு வாளி. "ஒரு காருக்கு எதுக்கு ரெண்டு வாளி?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். காரைத் தேய்த்த கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகுதான் ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அங்கே தங்கியிருக்கும் மணல் அத்தனையும், ஒரே வாளியாக இருந்திருந்தால் காருக்கே திரும்பிப் போயிருக்கும்.

தட்டையான ஸ்பாஞ்சு வேண்டாம். அதில் மணல் உள்ளே போக இடமில்லாமல் மேற்பரப்பிலேயே தங்கும். இழைகள் நீண்ட மைக்ரோஃபைபர் கையுறை நல்லது. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும்தான் அதிக அழுக்கு, அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் சக்கரத்தில் ஒட்டியிருக்கும், அந்தத் துணி சாயத்தின் பக்கமே போகக் கூடாது.

துணி தரையில் விழுந்துவிட்டதா? உதறிவிட்டுத் தொடராதீர்கள். ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்புப் போடலாமா?

ஒருமுறை போட்டால் கார் கெட்டுப்போகாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுதான் அதன் வேலை. நீங்கள் கஷ்டப்பட்டுப் பூசிய மெழுகையும் அது பிசுக்காகவே நினைத்து எடுத்துவிடும். கார் ஷாம்புவில் வழுக்கும் தன்மை கூடுதலாக இருக்கும். கையுறைக்கும் சாயத்துக்கும் நடுவில் உராய்வைக் குறைப்பது அதுதான்.

எப்போது கழுவுவது?

காலை ஒன்பது மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பு நொடியில் காய்ந்து திட்டாகும். குழாய்த் தண்ணீரிலுள்ள தாதுக்களும் வட்ட வட்டமாகப் படியும்.

துடைப்பதற்கு அப்பாவின் பழைய பனியனை எடுக்காதீர்கள். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை ஈரத்தின் மேல் விரித்து மெல்ல இழுத்தால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் துண்டைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்ற வேண்டாம், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

"மழையிலேயே நனைஞ்சுடுச்சு, அப்புறம் எதுக்குக் கழுவணும்?" என்று சிலர் கேட்பார்கள். நகரத்து மழை காற்றிலுள்ள புகையையும் தூசையும் சேர்த்துக்கொண்டுதான் இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகும், அழுக்கு தங்கும். மழை விட்ட பிறகு ஒரு வாளி சுத்தமான தண்ணீர் ஊற்றித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பறவை எச்சத்துக்கு வாரக் கடைசி வரை காத்திருக்கலாமா?

கூடாது. மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம், இதை முடியாது.

எச்சத்தில் அமிலம் இருக்கிறது. அதைவிட வெப்பத்தின் வேலை பெரிது. வெயிலில் கிளியர் கோட் சற்று விரிந்து இளகும். காய்ந்து கெட்டியான எச்சம் மேலே ஒட்டியிருக்கும்போது மாலையில் படலம் குளிர்ந்து சுருங்கும். அப்போது எச்சத்தின் வடிவமே சாயத்தில் பதிந்துவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் மங்கலான ஒரு தழும்பு தெரியும். நம் வெயிலில் ஒரே நாள் போதும்.

சுரண்டாதீர்கள். டிஷ்யூ தாளைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் சில நிமிடம் வையுங்கள். ஊறியதும் பக்கவாட்டில் தேய்க்காமல் அப்படியே மேலே எடுங்கள். நான் முதல் காரில் இதைச் சட்டி தேய்க்கும் பச்சை நாரால் செய்தேன். எச்சம் போனது. நார் போட்ட கோடுகள் காரை விற்கும்வரை இருந்தன. காரில் ஒரு சிறு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் இருந்தால் போதும், வேறு எந்த விலையுயர்ந்த பொருளும் தேவையில்லை.

இரவில் நெடுஞ்சாலையில் கம்போங்குக்குப் போய் வந்தால் முன்பக்கம் முழுக்கப் பூச்சிகள் அப்பியிருக்கும். அதற்கும் இதே முறைதான், ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுங்கள். வீட்டு முன்னாலுள்ள மாமரத்திலிருந்து விழும் பிசுபிசுப்பு பெரும்பாலும் இலையில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளின் கழிவு. விட்டால் அதன் மேல் கறுப்புப் பூஞ்சை வளரும். புதிதாக இருக்கும்போது வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரிலேயே போய்விடும். சாலையில் ஒட்டிய தாருக்கு மட்டும் தார் நீக்கி வாங்க வேண்டியிருக்கும். பயன்படுத்திய இடத்தை உடனே கழுவி, மறுபடி மெழுகு பூசுங்கள்.

மெழுகு என்ன செய்யும், என்ன செய்யாது?

கடைக்குப் போனால் வேக்ஸ், போலிஷ், கம்பவுண்ட் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். டப்பாக்கள் ஒரே மாதிரி இருந்தாலும் வேலை நேர் எதிர்.

கம்பவுண்டும் போலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். கம்பவுண்ட் அதிகமாக, போலிஷ் குறைவாக. கீறல் மறைவது அதனால்தான்: கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறோம். இருப்பதே 40 மைக்ரான் என்றால், ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைச் செய்ய முடியாது. மின்கருவி வைத்துச் செய்வதாக இருந்தால் பழகியவரிடம் விடுவது நல்லது.

வேக்ஸ் எதையும் எடுக்காது. மேலே ஒரு படலம் சேர்க்கும். வெயில், எச்சம், அழுக்கு எல்லாம் முதலில் அந்தப் படலத்தோடு மோதட்டும், அதைத் தியாகம் செய்துவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. கீறலைத் தடுக்கும் கவசம் என்று நம்பிவிடாதீர்கள்.

கார்னௌபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து வருகிறது. நல்ல மினுமினுப்புத் தரும். ஆனால் வெளியிலேயே நிற்கும் காருக்கு நம் வெயிலிலும் மழையிலும் அது சில வாரங்களே தாங்கும். சீலன்ட் என்று விற்கப்படும் செயற்கைப் பூச்சுகள் பல மாதங்கள் நிற்கும். போர்ச்சில் கூரை இல்லாதவர்களுக்கு என் ஓட்டு சீலன்டுக்குத்தான்.

பூசும் முன் ஒரு சிறு சோதனை. காரைக் கழுவி உலர்த்திய பின், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால், கழுவியும் போகாத துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அதற்குக் களிமண் மாதிரி இருக்கும் கிளே கட்டி கடையில் கிடைக்கும். நன்றாக ஈரமாக்கி, அழுத்தாமல் ஓட்டினால் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும், அடிக்கடி செய்தால் அதுவே கோடு போடும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிறகு நிழலில், ஆறிய தகட்டில் மெழுகைப் பூசுங்கள். நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு கிடைக்காது, துடைக்கக் கைதான் வலிக்கும். மிக மெல்லிசாக, ஒரு நேரத்தில் ஒரு பகுதி. விரலால் லேசாகக் கோடிட்டுப் பார்த்து, இழுபடாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்புகளில் பட்டால் வெள்ளைத் திட்டு விழும், அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்.

மேட் சாயம் பூசிய காருக்கு இது எதுவும் பொருந்தாது. சாதாரண மெழுகு பட்டாலே அங்கங்கே மினுங்கும். அதற்கென்று உள்ள பொருள்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

மறுபடி எப்போது பூசுவது? தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் இன்னும் இருக்கிறது. பாயாக விரிந்து நின்றால் நேரம் வந்துவிட்டது.

நீர் விநியோகத் தடை வந்தால்?

ரப்பர் குழாயைத் திறந்தே விட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் போகும். தடை அறிவிப்பு வந்த வாரத்தில் அது தேவையில்லை. லேசான தூசு மட்டும் என்றால், அலசத் தேவையில்லாத வகை ஷாம்பு ஒரு மூடி, ஒரு வாளி தண்ணீர், நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகள் போதும். சேறு அப்பியிருந்தால் மட்டும் இந்த முறை வேண்டாம், தண்ணீர் வரும்வரை அழுக்கோடு ஓட்டுவதே சாயத்துக்கு நல்லது.

இன்னொன்று. வாசலிலுள்ள லோங்காங்கில் விழும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்குப் போகிறது. தார் நீக்கி மாதிரி ரசாயனம் பயன்படுத்தும்போது துணியில் துடைத்து எடுத்துவிடுங்கள், வடிகாலில் கழுவி விடாதீர்கள். முடிந்தால் புல்தரை மேல் காரை நிறுத்திக் கழுவலாம்.

ஏற்கெனவே உரிந்துவிட்டது என்றால்?

கிளியர் கோட் உரிந்த இடத்தை எந்த மெழுகாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பூசிய அன்று கொஞ்சம் மறையும், இரண்டு மழையில் மறுபடி தெரியும். உறை போட்டு மூடுவதும் யோசிக்க வேண்டியது, தூசியான காரின் மேல் உறை காற்றில் அசைந்தால் அதுவும் உப்புத்தாள்தான்.

பட்டறையில் அந்தப் பகுதியை மட்டும் தேய்த்து மறுபடி சாயம் அடிக்கலாம், முழுக் காரையும் அடிக்க வேண்டும் என்று இல்லை. கூரையா, பானெட்டா என்று பகுதிவாரியாக விலை கேளுங்கள். கிளியர் கோட்டும் சேர்த்தா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். அதே நிறம் என்றால் வேறு வேலை இல்லை. புது நிறத்துக்கு மாறினால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவிலும் அந்த நிறத்தை மாற்றியாக வேண்டும்.