சுதந்திர இந்தியாவுக்கும் மன்னர் இருந்தார்... 895 நாட்கள்! மன்னர் இருக்கும் நாட்டில் பிரதமர் ஆள்வது எப்படி?

1947 ஆகஸ்ட் 15. திருச்சி மாவட்டத்தின் தொட்டியம் முதல் டெல்லி வரை மூவர்ணக் கொடி ஏறிய நாள். ஆனால் அன்றைக்கு 'நாட்டின் தலைவர் யார்?' என்று கேட்டிருந்தால், சட்டப்படி பதில் லண்டனில் இருந்தது. பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான் அது!

1950 ஜனவரி 26-ல் குடியரசாகும் வரை, 895 நாட்கள் இந்தியா ஒரு 'டொமினியன்'. அதாவது, மன்னரைத் தலைவராகக் கொண்ட சுதந்திர நாடு. அப்போ நாட்டை ஆண்டது மன்னரா? இல்லை. நேருவின் அமைச்சரவை.

இது எப்படிச் சாத்தியம்?

இரண்டு தலைவர்கள் எதுக்கு?

இந்த முறையில் நாட்டின் தலைவர் வேறு, அரசாங்கத்தின் தலைவர் வேறு. மன்னர் நாட்டின் தலைவர். சட்டங்களும் நியமனங்களும் அவர் பெயரில் வெளியாகும். பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். முடிவு எடுப்பதும், அதற்கு அவையில் பதில் சொல்வதும் அவர்தான். அமைச்சரவை சொல்லும் ஆலோசனைப்படி மன்னர் கையெழுத்துப் போடுவார். இதைத்தான் அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி என்கிறார்கள்.

லண்டனில் இருந்த மன்னருக்குப் பதிலாக டெல்லியில் இருந்தவர் கவர்னர் ஜெனரல். முதலில் மவுண்ட்பேட்டன். 1948 ஜூன் 21 முதல், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி. அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியரும், கடைசி நபரும் அவர்தான்.

மகாராஜா ஆளுநர், விவசாயி முதல்வர்

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். 1948 செப்டம்பரில் ஆளுநராக வந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி. பரம்பரை அரசர். ஆனால் ஆட்சி நடத்தியது திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

1949-ல் ஓமந்தூரார் சொந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களிடையே ஆதரவை இழந்தார். பதவி விலகினார். குமாரசாமி ராஜா வந்தார். ஆளுநர் மட்டும் மாறவில்லை. ஆட்சியை மாற்றியது மகாராஜா அல்ல, அவையின் பெரும்பான்மை.

சரி, மன்னருக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நேரத்தில்! திருச்சியில் விமானம் ஏறி நம்ம ஊர்க்காரர்கள் பலர் வேலைக்குப் போகும் மலேசியாவே இதற்கு உதாரணம். அங்கே 9 மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் கூடி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்களில் ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2022 நவம்பர் 19-ல் நடந்த தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லை. மொத்தம் 222 இடங்கள், தேவை 112. கூட்டணித் தலைவர்களையும் எம்.பி.க்களையும் மாமன்னர் அழைத்துப் பேசினார். நவம்பர் 24-ல் அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தார். ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. டிசம்பரில் நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வாக்கெடுப்பில் அன்வார் தன் பெரும்பான்மையைக் காட்டினார். நியமிப்பது மன்னர், நிலைக்க வைப்பது அவை.

குடியரசான பிறகு என்ன மாறியது?

மன்னர் இருந்த இடத்துக்குக் குடியரசுத் தலைவர் வந்தார். அவர் பரம்பரையாக வருபவர் அல்ல, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுப்பவர். ஆனால் ஆட்சி நடக்கும் முறை பெரும்பாலும் அதேதான். அரசியலமைப்பின் 74-வது பிரிவுப்படி, குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும். 75-வது பிரிவுப்படி, அமைச்சரவை மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவையின் ஆதரவு போனால் என்ன ஆகும்? 1999-ல் அதிமுக ஆதரவை வாபஸ் பெற்றதும் வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரியது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது.

தொட்டியத்துக்கு இதில் என்ன?

அந்த 895 நாட்களில் தொட்டியத்தில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. 1946 மாகாணத் தேர்தலில் சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல்தான் நடந்தது. கூலி வேலைக்குப் போனவருக்கும் நிலச்சுவான்தாருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அந்த வகையில், மன்னர் போனதைவிடப் பெரிய மாற்றம் இதுதான்.

இன்று தொட்டியம் வாக்காளர் பிரதமருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. முசிறி சட்டமன்றத் தொகுதியில் இருக்கும் அவர், பெரம்பலூர் மக்களவைத் தொகுதியின் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார். 543 பேரில் அவர் ஒருவர். மக்களவையில் 272 பேர் ஆதரவு இருந்தால் பெரும்பான்மை.

மன்னர் இருந்தாலும் சரி, குடியரசுத் தலைவர் இருந்தாலும் சரி, பிரதமர் நாற்காலி நிற்பது இந்தக் கணக்கில்தான். அந்தக் கணக்கு தொடங்கும் இடம், தொட்டியத்தின் வாக்குச்சாவடி.