கட்டபொம்மன் படமும் வண்ணத்தின் எல்லையும்

1959-ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கேவாகலர் சுருளில் பிடிக்கப்பட்டது. கொட்டகைகளை அடைந்ததோ டெக்னிகலர் படமாக. அம்மாற்றம் இலண்டனில் செய்யப்பெற்றது. பிடித்த வண்ணம் ஒன்று, காட்டிய வண்ணம் மற்றொன்று என்னும் இச்சிறு செய்தியில், இன்று பழம்படங்களின் வண்ணத்தைத் திருத்துவோர் எதிர்ப்படும் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கேவாகலரில் சாயங்கள் சுருளின் பூச்சுக்குள்ளேயே விளைபவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை வெளிறும். டெக்னிகலரிலோ, மூன்று அச்சுச் சுருள்கள் நீலப்பச்சை, ஊதாச்சிவப்பு, மஞ்சள் ஆகிய சாயங்களை ஏந்தி வந்து, சேலையில் அச்சுக் குத்துவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக மற்றொரு சுருளில் பதிக்கும். அவ்வண்ணங்கள் நெடுநாள் நிற்பவை.

மலேசியத் தொலைக்காட்சியில் வண்ணம் வந்தது 1978 டிசம்பர் 28 அன்று. அதன்பின் மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர், கொட்டகையில் கண்ட வண்ணப் படங்களை வீட்டுத் திரையிலும் வண்ணமாகவே காண வழி பிறந்தது. கண்டது அதே வண்ணமா எனின், அன்று என்றே விடை கூறவேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் கூடி எந்நிறங்களை ஆக்குமோ, அவையே தொலைக்காட்சியின் உலகம். இவ்வாறு எல்லை கட்டிய நிறத் தொகுதியை வண்ணவெளி என்பர். மனிதக் கண் காணும் நிறங்களையெல்லாம் 1931-இல் ஒரு வரைபடத்துள் அடக்கினர். 1990-இல் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கென வகுத்த 709 என்னும் அளவுமுறை, அவ்வரைபடத்தில் ஏறத்தாழ 36 விழுக்காட்டையே தழுவுகிறது.

பழம்படத்தை எண்களாக்கித் திருத்துவோர் எந்த வெளியில் நின்று வேலை செய்வது? திரையின் வெளியிலேயே நின்றால் எளிது. கண்ணில் படுவதும் கணக்கில் இருப்பதும் ஒன்றே. ஆயினும் கேடும் அங்கேதான். அரச உடையின் செம்பட்டில் பத்துச் சாயல்கள் எல்லைக்கு அப்பால் நின்றால், பத்தும் எல்லைக் கோட்டில் ஒரே எண்ணாக வெட்டுண்டு போகும். மடிப்புகள் மறைந்து, பட்டு வெறுஞ் செந்தகடாகும். பின்னர் எவ்வளவு திருத்தினும் அம்மடிப்பு மீளாது.

அப்படியாயின் மிக அகன்ற வெளியே மேலோ? அதுவும் அன்று. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2014-இல் நிலைநிறுத்திய ஏசஸ் முறையில், கண் காணும் நிறம் அனைத்தையும் அடக்கும் பெருவெளி ஒன்றுண்டு. அதன் மூலநிறங்களுள் இரண்டோ கண்ணுக்கே புலப்படாதவை. அங்கு நின்று சிவப்பைச் சற்றே தூண்டினாலும், உலகில் இல்லாத நிறத்தில் போய் விழ நேரும். ஆதலின் அதனைச் சேமிப்புக்கென வைத்து, திருத்துவதற்குச் சற்றுக் குறுகிய வேறொரு வெளியை வகுத்தனர். அதில் இருட்பகுதிக்கும் உரிய பங்கு கிடைக்குமாறு எண்கள் மடக்கை முறையில் பகிரப்படுகின்றன. உழவருக்கு இது புதிதன்று. களஞ்சியம் வேறு, போரடிக்கும் களம் வேறு.

கட்டபொம்மன் படம் எண்முறையில் புதுப்பிக்கப்பெற்று 2015 ஆகஸ்டு 21 அன்று மீண்டும் திரையேறியது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2012-இல், வரைபடத்தில் ஏறத்தாழ 76 விழுக்காட்டைத் தழுவும் 2020 என்னும் அளவுமுறை வகுக்கப்பட்டுவிட்டது. பழைய தொலைக்காட்சியின் எல்லைக்குள் திருத்தி, அத்திருத்தத்தை மட்டுமே காத்து வைத்த படம் எதுவாயினும், எத்துணை அகன்ற திரை வரினும் அது 36 விழுக்காட்டிலேயே நிற்கும். அதன் மூலச்சுருளோ பெட்டிக்குள் ஆண்டுதோறும் வெளிறிக்கொண்டிருக்கும்.