விமானிகளின் உள நெருக்கீடும் உளநலமும்

பயணிகள் விமானங்களை ஓட்டுவோருக்கு ஒழுங்கற்ற பணி நேரம், உறக்கக் குறைவு, வீட்டைப் பிரிந்திருத்தல், தவறே நேரக்கூடாத பொறுப்பு ஆகியவற்றால் உண்டாகும் மன அழுத்தமே விமானிகளின் உள நெருக்கீடு எனப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் புத்தூருக்கு அண்மையிலுள்ள பலாலி ஓடுபாதை இதன் மிகக் கொடிய வடிவத்தைக் கண்ட இடம். எயார் சிலோனின் முதற் பறப்பு 1947 டிசெம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குச் சென்றபோது இது அமைதியான வழித்தடம். பின்னர் போர்க்காலத்தில், 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டு, பணியாளர் எழுவர் உட்பட 55 பேர் மாண்டனர். அந்த நாட்களில் இத்தடத்தில் பறந்த விமானியின் அச்சத்தை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்று சென்னையிலிருந்து அங்கு வரும் விமானிக்கு ஏவுகணைப் பயம் கிடையாது. ஆனால் மனச்சோர்வையோ தூக்கமின்மையையோ வாய்விட்டுச் சொன்னால் உரிமம் போய்விடுமோ என்ற பயம் உலகெங்கும் விமானிகளிடம் உண்டு. விமானிகளின் உளநலத்துக்கு இன்று பெருங்கேடு செய்வது இந்த மௌனமே என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

பெயர் கேளாமல் கேட்டால் விமானிகள் பேசுகிறார்கள். ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட பெயர் குறிப்பிடாத கருத்தாய்வில், மனச்சோர்வு பற்றிய வினாக்களுக்கு விடையளித்த 1,848 விமானிகளில் 233 பேர், அதாவது 12.6 சதவீதத்தினர், மனச்சோர்வுக்கான அளவுகோலைத் தொட்டிருந்தனர். 75 பேருக்கு முந்தைய இரு வாரங்களில் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. இவர்களும் உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனைகளைத் தாண்டி வந்தவர்கள்தான். படிவத்தில் 'மனநோய் உண்டா' என்ற வினாவுக்கு எதிரே 'இல்லை' என்று அடையாளமிடுபவருக்குச் சம்பளம் தொடர்கிறது. 'ஆம்' என்பவர் தரையில் நிறுத்தப்படுகிறார். வீட்டுக்கடனும் பயிற்சிக்கடனும் தலைமேல் இருக்கும் ஒருவர் எதைத் தெரிவு செய்வார் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

மறைக்கப்பட்ட நெருக்கீடு விமானி அறைக்குள் என்ன செய்யும் என்பதற்குத் தெற்காசியாவிலேயே துயரமான சான்று உண்டு. 2018 மார்ச் 12 அன்று டாக்காவிலிருந்து காத்மாண்டு சென்ற யூஎஸ்-பங்களா விமானம் விழுந்து 51 பேர் இறந்தனர். அதன் கப்டன் 1993 இல் மனச்சோர்வு காரணமாக வங்கதேச விமானப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். பின்னர் தகுதியானவர் எனச் சான்று பெற்றவர். பயிற்றுநராகத் தமது திறமையைச் சக ஊழியர் ஒருவர் கேள்விக்குள்ளாக்கியதால் மனமுடைந்திருந்த அவர், அந்தப் பறப்பில் ஓயாமல் பேசினார், புகைத்தார், அழுதார். எங்கே பறக்கிறோம் என்ற உணர்வையே விமானிகள் இழந்துவிட்டதாக விசாரணை அறிக்கை முடிவு செய்தது. உடற்சோர்வின் கதையும் இதைப் போன்றதே. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் ஒலிப்பதிவில் கப்டனின் குறட்டை கேட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கி எழுந்த அவர், துணைவிமானி தரையிறங்க வேண்டாம், மீண்டும் மேலெழுவோம் என்று வற்புறுத்தியும் இறக்கினார். விமானம் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்தனர்.

மனச்சோர்வுள்ளவரைத் தரையில் நிறுத்துவது பயணிகளின் பாதுகாப்புக்குத் தேவை அல்லவா என்று கேட்கலாம். தேவைதான். நோய் கடுமையாக இருக்கும்போது எவரும் பறக்கக் கூடாது. ஆயினும் கடுமையான விதிகள் இருந்தும் 2015 மார்ச் 24 அன்று ஜேர்மன்விங்ஸ் துணைவிமானி 149 பேருடன் ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதச் செய்தார். அவர் வேலைக்குத் தகுதியற்றவர் என மருத்துவர் எழுதிய சான்றுகள் நிறுவனத்தை எட்டவேயில்லை; கிழித்த நிலையில் வீட்டில் கிடைத்தன. சொன்னவரைத் தண்டிக்கும் விதி, சொல்லாதவரை ஒருபோதும் கண்டுபிடிப்பதில்லை. பரிசோதனையை இன்னும் இறுக்கலாம் என்பது அடுத்த வாதம். ஆண்டுக்கொருமுறை சில நிமிடம் நடக்கும் நேர்காணலில், மறைக்க முடிவு செய்த ஒருவரின் மனத்தைப் படிக்கும் கருவி எந்த மருத்துவரிடமும் இல்லை. தானியங்கிக் கருவிகள் வந்தபின் வேலை இலகுவாகிவிட்டது என்பாரும் உளர். நெடுந்தூரப் பறப்பின் நடுப்பகுதிக்கு அது ஓரளவு பொருந்தும். சென்னை–பலாலி போன்ற ஏறத்தாழ ஒரு மணி நேரத் தடங்களில் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். விமானியின் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் கட்டங்கள் அவைதாம்.

வேறு வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. அமெரிக்கா 2010 முதல், மனச்சோர்வுக்குச் சில மருந்துகளை உட்கொண்டு நிலைபெற்ற விமானிகளைக் கண்காணிப்புடன் பறக்க விடுகிறது. சக விமானிகளே காதுகொடுத்துக் கேட்கும் ஆதரவுத் திட்டத்தை 2018 இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டக் கடமையாக்கியது. இந்தியா 2024 இல் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கும் விதிகளை அறிவித்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, பலாலிக்கும் பறக்கும் இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்ய, அந்நிறுவனத்துக்கு இவ்விதிகளிலிருந்து தற்காலிக விலக்கும் கிடைத்தது. விமானியின் ஓய்வு நிறுவனங்களின் கணக்கில் கடைசியாகவே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எயார் இந்தியா விமானம் அகமதாபாத்தில் விபத்துக்குள்ளாகி நான்கு நாள் கழித்து, 2025 ஜூன் 16 அன்று, அந்நிறுவன விமானிகள் 112 பேர் சுகவீன விடுப்புக் கேட்டனர். இதைப் பணி மறுப்பு என்று குறை சொல்வது தவறு; பறக்கும் நிலையில் இல்லை என்று முன்கூட்டிச் சொல்வதே விமானியின் கடமை. இலங்கையிலும் இந்தியாவிலும், தானாக முன்வந்து சிகிச்சை பெறும் விமானிக்குச் சம்பளமும் வேலைக்குத் திரும்பும் உரிமையும் உண்டு என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.