பயன்படுத்திய மண்தட விசையுந்து தெரிவு

மண்தட விசையுந்து என்பது தார்ச்சாலைக்கு வெளியே மண், மணல், கல், சேறு ஆகியவற்றின் மீது ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் ஆகும். பேச்சு வழக்கில் இது டர்ட் பைக் எனப்படுகிறது. காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் உள்ள குறுகிய தடங்களில் போட்டி நோக்கமின்றி இதனை ஓட்டிச் செல்வது தடப்பயணம் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்காகும். புதிய வண்டிகளின் விலை அதிகம் என்பதால் அங்கு தொடக்க நிலையினர் பலர் பயன்படுத்திய வண்டியையே வாங்குகின்றனர்.

சாலை வண்டியை ஓடிய தொலைவைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். மண்தட வண்டிகள் பலவற்றில் தொலைவுமானியே இருப்பதில்லை; பொறி இயங்கிய மணிக்கணக்கைக் காட்டும் கருவி சிலவற்றில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். உற்பத்தி ஆண்டும் நம்பத்தக்க அளவுகோல் அன்று. ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரு வண்டிகளில் ஒன்று வாரந்தோறும் பந்தயத் திடலில் ஓடியிருக்கலாம். மற்றொன்று பெரும்பகுதி கொட்டகையிலேயே நின்றிருக்கலாம். எனவே வண்டி எந்தப் பயன்பாட்டுக்குச் செய்யப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, எவ்வாறு பராமரிக்கப்பட்டது என்பவையே முதன்மையான கேள்விகளாகும். தவறான தெரிவினால் ஏற்படுவது பண இழப்பு மட்டுமன்று. சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒற்றையடித் தடத்தில் பொறி நின்றுவிட்டால், மீட்பு வண்டி அங்கு வர இயலாது. நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டுநரே தள்ளி வர வேண்டியிருக்கும்.

வகைகள்

விற்பனைக்கு வரும் வண்டிகளுள் மோட்டோகிராஸ் எனப்படும் திடல் பந்தய வண்டிகளே பார்வைக்குக் கவர்ச்சியானவை. தடப்பயணத்துக்குப் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதும் இவற்றில்தான். உயரத் தாவி இறங்குவதற்கென இவற்றின் அதிர்வுதாங்கிகள் இறுக்கமாக அமைக்கப்பட்டுள்ளன. காட்டுத் தடத்தின் வேர்களிலும் கற்களிலும் மெதுவாகச் செல்லும்போது அந்த இறுக்கம் ஓட்டுநரின் கைகளைச் சோர்வடையச் செய்கிறது. கியர்களின் விகிதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஆதலால் முதல் கியரில்கூட நடை வேகத்தில் செல்வது கடினம். எரிபொருள் தொட்டி சிறியது. முகப்பு விளக்கும் பக்கத் தாங்கியும் இருப்பதில்லை.

எண்டியூரோ எனப்படும் நெடுந்தட வண்டிகள் தோற்றத்தில் இவற்றை ஒத்தவையாயினும் அமைப்பில் வேறுபட்டவை. கியர் விகிதங்கள் அகன்றவை, தொட்டி பெரியது, விளக்கும் அதற்கு மின்னாற்றல் வழங்கும் சுருளும் உண்டு. இரு வகைகளையும் எளிதில் வேறுபடுத்திக் காண ஓர் அடையாளம் உள்ளது. பெரியவர்களுக்கான முழு அளவு வண்டிகள் இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம் கொண்டது. பின்சக்கரமோ திடல் வண்டியில் 19 அங்குலமும் எண்டியூரோ வண்டியில் 18 அங்குலமும் ஆகும். சிறிய பின்சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் உயரமாக அமைவதால், கல்லில் மோதும்போது உள்குழாய் நசுங்கித் துளைபடுவது குறைகிறது.

மூன்றாவது வகை எளிய தடவண்டிகள். ஹோண்டா நிறுவனம் 2003இல் அறிமுகப்படுத்திய சிஆர்எஃப் 230 எஃப், யமஹா 2005இல் அறிமுகப்படுத்திய டிடி-ஆர் 230 ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். காற்றினால் குளிர்விக்கப்படும் நால்வீச்சுப் பொறியும் மின் தொடக்கியும் கொண்ட இவை வேகமானவை அல்ல; வல்லுநர்கள் இவற்றைப் பொருட்படுத்துவதும் குறைவு. ஆயினும் நீர்க்குளிர்ப்பு இல்லாமையால் விழும்போது உடைவதற்கு ரேடியேட்டர் கிடையாது. பொறியும் சிறு கவனக்குறைவுகளைப் பொறுத்துக்கொள்ளும். முதல் வண்டியாக இவ்வகையே பொருத்தமானது எனலாம்.

சாலையிலும் தடத்திலும் ஓட்டத்தக்க இருபயன் வண்டிகள் தனி வகையாகும். 1993 முதல் விற்கப்பட்ட ஹோண்டா எக்ஸ்ஆர் 650 எல் இவற்றுள் புகழ்பெற்றது. எரிபொருளும் பிற நீர்மங்களும் நிரம்பிய நிலையில் இதன் எடை ஏறத்தாழ 157 கிலோகிராம். அகன்ற மண்சாலைகளுக்கு இது ஏற்றது; செங்குத்தான ஒற்றையடித் தடத்தில் விழுந்தால் தூக்கி நிறுத்துவது தனியொருவருக்குப் பெரும்பாடாகும்.

இருவீச்சும் நால்வீச்சும்

1990களின் பிற்பகுதி வரை பந்தய வண்டிகளில் இருவீச்சுப் பொறிகளே கோலோச்சின. யமஹா வெளியிட்ட ஒய்இசட் 400 எஃப் இந்நிலையை மாற்றியது. டக் ஹென்றி 1998இல் அவ்வண்டியில் அமெரிக்க மோட்டோகிராஸ் 250 சிசி பிரிவின் பட்டத்தை வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய நிறுவனங்களும் நால்வீச்சுப் பந்தயப் பொறிகளுக்கு மாறின. அப்பொறிகள் இன்று பழைய வண்டிச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதும், வாங்குபவர்களுக்கு ஆபத்தாக அமைவதும் இம்மாற்றத்தின் விளைவே ஆகும்.

நால்வீச்சுப் பொறி என்றாலே நீண்டகாலம் உழைக்கும் என்பது சாலை வண்டிகளிலிருந்து வந்த எண்ணம். எளிய தடவண்டிகளுக்கு அது பொருந்தும். பந்தய நால்வீச்சுப் பொறிகளோ மிக உயர்ந்த சுழல்வேகத்தில் இயங்குபவை. பலவற்றில் எடை குறைந்த டைட்டானியம் வால்வுகள் உள்ளன. எண்ணெயின் கொள்ளளவும் குறைவு. இவற்றில் பிஸ்டன் மாற்றும் காலம் ஆண்டுகளில் அன்றி மணிகளிலேயே கணக்கிடப்படுகிறது. ஒரு வால்வு முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், தலைப்பகுதி மூன்றும் சேதமடையும். அச்செலவு சில வேளைகளில் பழைய வண்டியின் மதிப்பையே விஞ்சிவிடும்.

இருவீச்சுப் பொறியில் வால்வு இயக்க அமைப்பு இல்லை. பிஸ்டனும் வளையங்களும் விரைவில் தேய்ந்தாலும், ஓரளவு பயிற்சி உள்ளவர் ஒரு பிற்பகலில் வீட்டிலேயே அவற்றை மாற்றிவிடலாம். கார்புரேட்டர் கொண்ட பந்தய வண்டிகளில் பெட்ரோலுடன் எண்ணெயைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். விற்பவரிடம் அந்த விகிதத்தைக் கேட்பது பயனுள்ள சோதனையாகும். தயங்காமல் விடை வராவிடில் பொறியின் உயவு குறித்து ஐயுறலாம். கேடிஎம் நிறுவனம் 2018 மாதிரி ஆண்டில் அறிமுகப்படுத்திய எரிபொருள் உட்செலுத்து இருவீச்சு வண்டிகளில் எண்ணெய்க்குத் தனித்தொட்டி இருப்பதால் இக்கலவை தேவைப்படுவதில்லை.

உடலளவும் எடையும்

முழு அளவு பந்தய வண்டிகளின் இருக்கை உயரம் 94 சென்டிமீட்டர் அளவினது. சிஆர்எஃப் 230 எஃப் போன்றவற்றில் அது 87 சென்டிமீட்டர் அளவில் உள்ளது. இந்த 7 சென்டிமீட்டர் வேறுபாடு சமதரையில் சிறிதாகத் தோன்றும். சரிவில் நின்று ஒரு காலை ஊன்ற முயலும்போதுதான் அதன் பொருள் விளங்கும். இரு குதிகால்களும் தரையில் படிய வேண்டியதில்லை. எனினும் தொடக்க நிலையினருக்கு இரு பாதங்களின் முன்பகுதியாவது உறுதியாகப் பட வேண்டும்.

அதிர்வுதாங்கிச் சுருள்வில்கள் குறிப்பிட்ட உடல் எடைக்கு ஏற்பவே பொருத்தப்படுகின்றன. முழு அளவு வண்டியில் ஓட்டுநர் அமரும்போது பின்பகுதி ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் தாழ்வது வழக்கமான அளவாகும். இறுக்கத்தை மாற்றியும் இவ்வளவு கிடைக்கவில்லையெனில் வில்லையே மாற்ற வேண்டும். அச்செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நன்று.

வண்டியை ஆராய்தல்

ஆராய்ச்சி பொறியைத் தொட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. வாங்குபவர் வரும் முன்பே பொறி சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் இயங்காது என்று ஐயுற இடமுண்டு. முன்கூட்டியே சொல்லி, குளிர்ந்த பொறியைத் தம் கண் முன்னே இயக்கச் செய்வது வழக்கம். பின்னர் நன்கு சூடேறிய நிலையில் நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். நால்வீச்சுப் பந்தயப் பொறிகளில் இந்த இரண்டாம் சோதனை இன்றியமையாதது. உள்ளிழுப்பு வால்வும் அதன் இருக்கையும் தேயும்போது வால்வு மெல்ல மேலேறி, அதற்கான இடைவெளி குறைகிறது. முடிவில் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசிகிறது. தொடங்க மறுக்கும் பொறி இதன் அறிகுறியாகலாம். இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் எனப்படும் சிறு வில்லைகள் மாற்றப்படுகின்றன. ஒருமுறை மாற்றியிருப்பது இயல்பு. அடுத்தடுத்து மெல்லிய வில்லைகள் இடப்பட்டிருந்தால் அவ்வால்வின் ஆயுள் முடியும் நிலையில் உள்ளது.

பொறியின் அழுத்தத்தை அளவியால் சோதிக்கலாம். ஆனால் தானியங்கி அழுத்தக் குறைப்பான் கொண்ட நால்வீச்சுப் பொறிகளில் அளவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அவற்றுக்குச் சிலிண்டரில் காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் முறையே ஏற்றது.

ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்க்க நேரம் உண்டெனில், அது காற்று வடிகட்டியாக இருக்க வேண்டும். நுண்மணல் பொறிக்குள் சென்றால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அரத்தைப்போல் அராவிவிடும். வடிகட்டி எண்ணெய் தடவப்பட்டுத் தூய்மையாக இருப்பதுடன், அதற்கு அப்பால் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்தால் தூசி வரக்கூடாது. வண்டியைக் கழுவி மெருகேற்றுபவர்கள்கூட இவ்விடத்தை மறந்துவிடுவதுண்டு.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. நீர்க்குளிர்ப்புப் பொறிகளில் நீரேற்றியின் அடைப்பு வளையம் தேய்வது இதற்குப் பொதுவான காரணம். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பொறியை இயக்கும்போது குமிழிகள் தொடர்ந்து எழுந்தால் சிலிண்டர் தலைப்பகுதியின் அடைப்புத்தகடு பழுதுபட்டிருக்கலாம். சூடான பொறியில் இம்மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டுக் காயம் ஏற்படும். இருவீச்சுப் பொறியில் சிறிதளவு புகை இயல்பே. அது அளவுக்கு மீறியும் கியர் எண்ணெயின் நாற்றத்துடனும் இருந்தால், கிளட்ச் பக்கத்து அடைப்பு வளையம் கசிந்து பொறி அவ்வெண்ணெயை எரிக்கிறது எனக் கொள்ளலாம். மறுபக்க வளையம் கசிந்தால் கூடுதல் காற்று நுழைந்து கலவை நீர்த்துப்போகும். இது புகையாகத் தெரியாது, ஆனால் பிஸ்டனை உருக்கவல்லது. பொறி தானாகவே வேகமெடுப்பது அதன் அடையாளமாகும்.

அடுத்து வண்டியை மரக்கட்டை மீது ஏற்றிச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். பின்சக்கரத்தை மேலும் கீழுமாக அசைக்கும்போது தட்டும் உணர்வு இருந்தால் அதிர்வுதாங்கியின் இணைப்புப் பேரிங்குகள் தேய்ந்துள்ளன. உயர்அழுத்த நீரால் கழுவப்பட்டு மசகு இடப்படாத வண்டிகளில் இது மிகவும் பரவலான குறை. கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் சிக்குவதுபோல் தோன்றினால் அங்குள்ள பேரிங்கில் குழிவு விழுந்துள்ளது. முன்கவைக் குழாய்களில் எண்ணெய்ப் படிவு, பின்பற்சக்கரத்தில் கொக்கிபோல் வளைந்த பற்கள், தளர்ந்த ஆரைக்கம்பிகள் ஆகியவை தனித்தனியே சிறு செலவுகள்தாம். ஒன்றாகச் சேர்ந்தால் பேரம் பேசுவதற்கு உரியவை. சட்டகத்தில் கால்மிதி பொருத்தப்படும் இடத்திலும் கைப்பிடித் தண்டின் அருகிலும் விரிசலோ புதிய பற்றவைப்போ காணப்பட்டால் அவ்வண்டியைத் தவிர்ப்பதே நல்லது.

நெகிழிப் பாகங்களும் ஒட்டுப்படங்களும் மலிவானவை. ஒரு மணி நேரத்தில் மாற்றத்தக்கவை. எனவே அவற்றின் பளபளப்பு எதையும் நிறுவாது. ஓட்டுநரின் காலணிகள் உரசிய சட்டகத்தின் இரு பக்கங்களும் கிளட்ச் மூடியும், தலை சிதைந்த திருகாணிகளும் வண்டியின் உண்மையான உழைப்பைக் கூறுகின்றன. இறுதியாக ஓட்டிப் பார்க்கையில் இரண்டாம், மூன்றாம் கியர்களில் விசையை முழுதாகத் திருக வேண்டும். கியர் தானாக நழுவினால் அதைச் சரிசெய்யப் பொறியை முழுமையாகப் பிரிக்க வேண்டிவரும்.

ஆவணங்களும் சட்டமும்

அமெரிக்காவில் மண்தட வண்டிகளுக்கான உரிமைப் பத்திர விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. எளிதில் ஏற்றிச் செல்லத்தக்க இவ்வண்டிகள் திருட்டுக்கும் எளிதில் உள்ளாகின்றன. கைப்பிடித் தண்டின் அருகே சட்டகத்தில் பொறிக்கப்பட்டுள்ள அடையாள எண்ணைப் பத்திரத்துடன் ஒப்பிட வேண்டும். அவ்வெண் அராவப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கலாகாது. 17 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணின் 10ஆவது எழுத்து மாதிரி ஆண்டைக் குறிக்கும். விற்பவர் கூறும் ஆண்டை இதைக்கொண்டு சரிபார்க்கலாம்.

தேசியக் காடுகளில் ஓட்டப்படும் வண்டியின் புகைக்குழாயில் அமெரிக்க வனத்துறை ஏற்ற தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும். காட்டுத்தீயைத் தவிர்ப்பதற்கான இவ்விதி நடைமுறையில் கண்டிப்பானது. திடல் பந்தய வண்டிகளில் அத்தடுப்பான் பொதுவாக இருப்பதில்லை. கலிபோர்னியாவில் 1986 முதல் செய்யப்பட்ட வண்டிகளுக்கு ஒலி வரம்பு 96 டெசிபெல் ஆகும். முன்னைய உரிமையாளர் மாற்றிய புகைக்குழாய் இவ்வரம்பை மீறக்கூடும். அம்மாநிலத்தில் உமிழ்வு விதிகளை நிறைவு செய்த வண்டிகளுக்குப் பச்சை வில்லையும், செய்யாத போட்டி வண்டிகளுக்குச் சிவப்பு வில்லையும் வழங்கப்பட்டு வந்தன. 2022 மாதிரி ஆண்டு முதல் புதிய வண்டிகளுக்குச் சிவப்பு வில்லை வழங்கப்படுவதில்லை. வனத்துறையின் 2005ஆம் ஆண்டு விதிப்படி, தேசியக் காடுகளில் குறித்துக் காட்டப்பட்ட தடங்களில் மட்டுமே வண்டிகள் செல்லலாம்.

வாங்கிய பின்

விற்பவர் என்ன கூறியிருப்பினும், முதல் பயணத்துக்கு முன் பொறி எண்ணெய், குளிர்நீர்மம், தடுப்பு நீர்மம் ஆகியவற்றை மாற்றி, காற்று வடிகட்டியைக் கழுவி எண்ணெய் தடவுவது வழக்கம். நெடுநாள் நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து, மெதுவோட்டத்துக்கான நுண்துளையை அடைத்திருக்கும். அதைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். பின் அதிர்வுதாங்கியின் இணைப்புகளைப் பிரித்து மசகிடுவது ஒரு நாள் வேலை. மணிமானி இல்லாத வண்டியில் ஒன்றைப் பொருத்தி, அன்று முதல் எண்ணெய் மாற்றிய மணிகளைக் குறித்து வருகின்றனர். வண்டியை மீண்டும் விற்கும்போது அடுத்து வாங்குபவர் கேட்பதும் அந்தக் குறிப்பேட்டையே.