சேரு மரமும் உருஷி மரமும்: ஒரே நஞ்சு, இரு வரலாறுகள்

பொன்முடியை உள்ளடக்கிய அகத்தியமலைக் காடுகளில் சேரு எனப்படும் மரங்கள் உள்ளன. அவற்றின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். சேரு தீண்டியவர் தான்றி மரத்தை வலம்வந்தால் குணமாகும் என்பது கேரள மக்களின் நம்பிக்கை. ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' (1678–1693) நூலும் 'காட்டுச்சேரு' என உள்ளூர்ப் பெயராலேயே இம்மரத்தைப் பதிவுசெய்துள்ளது.

ஜப்பானின் உருஷி மரமும் இதே முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பாலும் தோலைப் புண்ணாக்குவதே. ஆயினும் அங்கு, 10 ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரத்தை ஜூன் முதல் இலையுதிர்காலம் வரை சில நாள் இடைவெளியில் கிடைவாட்டில் கீறிப் பால் எடுக்கின்றனர். ஒரு மரம் தருவது ஏறத்தாழ 200 கிராம். பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டி, வேரிலிருந்து எழும் தளிரை வளர்க்கின்றனர். அப்பாலே மரக்கலங்களுக்கும் கோயில்களுக்கும் மெருகாகிறது.

இங்கு அச்சம், அங்கு கலை என்று முடிவுகட்டுவது பிழை. அதே குடும்பத்துச் சேங்கொட்டையின் சாற்றைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சலவைத் தொழிலாளர் துணிகளில் குறியிட்டனர். எத்தனை வெளுப்புக்கும் அது அழியாது. கொட்டையே போதுமானதால் மரத்தைக் கீறவேண்டிய தேவை எழவில்லை. இளைய லின்னேயஸ் இப்பேரினத்துக்கு இட்ட 'செமிகார்ப்பஸ்' என்னும் பெயருக்குக் 'குறிக்கனி' என்பதே பொருள்.

உருஷிப் பால் எடுக்கும் திறன், மரக்கட்டடக் கலைமரபின் ஒரு பகுதியாக 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சலவைத்துறையில் விளைந்த அறிவோ, உரியவரின் பெயரின்றி ஒரு தாவரப் பெயருக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.